ஊமத்தையை எந்தப் பத்தியில் எழுதுவது?

மழை பெய்து பத்து நாள் ஆகிவிட்டால் எம். புதுப்பட்டி ரோட்டோரம் முழுக்கப் பூதான். போன வாரம் நோட்டும் கையுமாக நடந்தேன். எழுதியவை: தும்பை, துத்தி, நெருஞ்சி, ஆவாரை, எருக்கு, கிணற்றுப்பாசான், பிரம்மதண்டு, ஊமத்தை, பார்த்தீனியம். வீட்டுக்கு வந்ததும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற ஒரு பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அதில் இரண்டே பத்தி: நம்ம செடி, அந்நியச் செடி. அந்நியச் செடி என்றால் பிடுங்கு. என் சண்டை அந்தப் பட்டியலோடுதான்.

கிணற்றுப்பாசான் அமெரிக்க வெப்பமண்டலச் செடி. சரி, அந்நியம்தான். ஆனால் அதற்கு வெட்டுக்காயப் பூண்டு என்று பேர் வைத்து, கை கிழிந்தால் இலையைக் கசக்கிப் பிழிகிறவர்கள் நாம். புளியமரமோ ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. லின்னேயஸ் வைத்த பெயரில் மட்டும் ‘இண்டிகா’ ஒட்டிக்கொண்டது. யாராவது புளியமரத்தை அந்நியம் என்று வெட்டக் கிளம்புவார்களா?

ஊமத்தையிடம் வந்தால் பட்டியல் முழுசாகவே தடுமாறுகிறது. இந்தப் பேரினத்தின் காட்டு உறவுகள் எல்லாம் அமெரிக்கக் கண்டத்தில் இருக்கின்றன. அப்படியானால் ஐரோப்பியக் கப்பலில் வந்திருக்க வேண்டும். ஆனால் கொலம்பஸ் கிளம்பியது 1492-ல். அதற்கு எண்ணூறு வருடம் முன்பே தேவாரத்தில் சிவன் ‘மத்தம்’ சூடிக்கொண்டிருக்கிறார். 2007-ல் ‘ஜர்னல் ஆஃப் பயோசயன்சஸ்’ இதழில் கீதா, கராய்பே இருவரும் பழைய நூல்களையும் சிற்பங்களையும் வைத்து, கொலம்பஸுக்கு முன்பே ஊமத்தை இந்தியாவில் இருந்தது என்று வாதிட்டார்கள். இருந்தது சரி, வந்தது எப்படி? இந்த ஒரு செடிக்காகவாவது மூன்றாவது பத்தி வேண்டும்.

இந்தச் சிக்கல் புதுசு இல்லை. 1847-ல் ஹெச். சி. வாட்சன் பிரிட்டிஷ் தாவரங்களை உள்நாட்டான், குடியேறி நிலைத்தவன், அந்நியன் என்கிற மாதிரி பல படிகளாகப் பிரித்தார். அந்தச் சொற்களில் முக்கியமானவை ஆங்கிலேயச் சட்டத்தில் குடிமக்களைப் பிரிக்கப் பயன்பட்டவை. மனுசனுக்கு எழுதிய சட்டம் செடிக்கு ஏறிவிட்டது. ஆனாலும் அவருக்கு இரண்டு பத்தி போதவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதை வைத்து ‘அப்ப எல்லாச் செடியும் நல்லதா?’ என்று கேட்காதீர்கள். பார்த்தீனியம் தோலில் அரிப்பையும் மூச்சுத் திணறலையும் கொண்டுவருகிறது. அதைப் பிடுங்கத்தான் வேண்டும், கையுறை போட்டு, பூக்கும் முன்பே. பிரம்மதண்டு விதை எண்ணெய் கடுகெண்ணெயில் கலந்து 1998-ல் டெல்லியில் உயிர்களைக் குடித்தது. சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டதும் தெரிந்ததுதான். (அதைச் சுட்டுக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் எத்தனை என்பது தனிக் கதை.) இவற்றில் எதற்கும் குற்றம் பிறந்த ஊர் இல்லை. இங்கே வந்து என்ன செய்கிறது என்பதுதான் குற்றம்.

எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது, இங்கே என்ன செய்கிறது: மூன்றையும் தனித்தனியாகக் கேட்காமல் ஒரே சொல்லில் அடைத்தால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்த்தீனியத்தை விட்டுவிட்டு, பிடுங்க லேசான கிணற்றுப்பாசானைப் பிடுங்கிப் போடுவார்கள்.

நோட்டில் இப்போது மூன்று பத்தி போட்டிருக்கிறேன். ஊமத்தைக்கு முதல் இரண்டிலும் கேள்விக்குறி. மூன்றாவதில்: ‘விஷம்; ஆடு கடிக்காது; சாமிக்கு ஆகும்.’