எண்பத்தைந்து வயதில் நின்று பார்த்தால்

கோவையைச் சுற்றியுள்ள முதியோர் குடியிருப்புகளின் விளம்பரக் கையேடுகளை நாலைந்து சேர்த்து வைத்துப் படித்தால் ஒன்று புலப்படும். அவற்றில் வரும் முதியவர்கள் எல்லோருக்கும் அறுபத்தைந்து வயதுதான். நடைப்பயிற்சி போகிறார்கள், கேரம் ஆடுகிறார்கள், பேரப்பிள்ளையோடு வீடியோ காலில் சிரிக்கிறார்கள். வாக்கர் பிடித்து நடப்பவர் ஒருவர்கூட இல்லை. வீட்டை வாங்கும் வயதுக்காக எழுதப்பட்ட பனுவல் அது. வாங்கியவர் அதே வீட்டில் இன்னும் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் இருக்கப் போகிறார் என்ற எண்ணம் அதன் எந்தப் பக்கத்திலும் இல்லை. இத்துறையை எடைபோட எனக்குத் தெரிந்த சரியான அளவுகோல் இந்த இடைவெளிதான்.

முதலில் நிறையைச் சொல்லிவிட வேண்டும். கோவைகேர், நானா நானி போன்ற முயற்சிகள் இரண்டாயிரங்களின் முதல் பத்தாண்டில் இங்கே வேர்பிடித்தபோது, ‘முதியோர் இல்லம்’ என்ற சொல்லுக்குப் பிள்ளைகள் கைவிட்டவர்கள் போய்ச் சேரும் இடம் என்ற ஒரே பொருள்தான் இருந்தது. சொந்தச் சாவி, சொந்த வாசல், பொதுச் சமையல் என்ற எளிய சேர்க்கையால் அந்தப் பொருளை மாற்றிக் காட்டியது கோவை. அடுப்படியிலிருந்து அறுபது வயதுப் பெண்களுக்கு விடுதலை கொடுத்தது இதன் மிகப் பெரிய சாதனை என்பேன். அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 2021இல் 13.6 சதவீதம், 2031இல் 18.2 சதவீதமாக உயர்வார்கள் என்பது அரசின் கணிப்பு. தேவை பெருகப் போகிறது. தேவை பெருகும் துறையில் தரத்தைப் பற்றி விற்பவர் கவலைப்படமாட்டார். கேட்பவர்தான் கவலைப்பட வேண்டும்.

போன மாசியில் பெரியம்மாவுக்காக இடம் பார்க்கப் போனோம். எழுபத்தெட்டு வயது. அன்னூர்ப் பக்கம் தோட்டம். பெரியப்பா போன பிறகு குத்தகைக்கு விட்டாயிற்று. பிள்ளைகள் இருவரும் ஆஸ்திரேலியாவில். மூன்று குடியிருப்புகளைப் பார்த்தோம். பெயர் வேண்டாம், மூன்றிலும் பொதுவாக இருப்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

கட்டடத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. வழுக்காத தரை, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம், கட்டிலருகே அழைப்பு மணி எல்லாம் மூன்று இடத்திலும் இருந்தன. ஒன்றில் குளியலறைப் பிடிமானக் கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. ஆனால் அதே குளியலறையின் கதவு உள்பக்கமாகத் திறந்தது. உள்ளே ஒருவர் விழுந்தால் அவர் உடம்பே கதவுக்கு முட்டாகிவிடும்; வெளியில் இருப்பவர் தள்ளத் தள்ள அவருக்குத்தான் அடிபடும். கம்பி பொருத்தத் தெரிந்தவருக்குக் கதவை ஏன் வெளிப்பக்கம் திறக்க வைக்கத் தெரியவில்லை? கம்பி கையேட்டுப் படத்தில் வரும், கதவு திறக்கும் திசை வராது என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை. இன்னொரு இடத்தில் லிஃப்ட் பளபளவென்று இருந்தது. ஸ்ட்ரெச்சரைப் படுக்கை வாட்டில் உள்ளே கொண்டுபோக முடியாது. போகிறவர்கள் கையில் ஒரு அளவு டேப் இருக்கட்டும். நடுவண் அரசு 2019இல் வெளியிட்ட ஓய்வுக்கால இல்லங்களுக்கான மாதிரி வழிகாட்டு நெறிமுறைகள் வாசல் அகலம் 900 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்கின்றன. பாதிப் பேர் இதை அளந்துகூடப் பார்ப்பதில்லை.

கட்டடத்தை விட்டு ஒப்பந்தத்துக்கு வந்தால்தான் துறையின் உண்மையான தரம் தெரிகிறது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016 நல்ல சட்டம். வாங்குபவர்கள் கட்டும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்கச் சொல்கிறது. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. கட்டமைப்பு, வேலைத்தரம், சேவை ஆகியவற்றில் ஒப்பந்தப்படி நேரும் குறைகளுக்கு ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டுவரை கட்டுநரைப் பொறுப்பாக்குகிறது. இளம் தம்பதி வாங்கும் அடுக்ககத்துக்கு இந்த ஐந்தாண்டு போதும். அறுபத்தைந்தில் வீடு வாங்குபவருக்கு அந்தப் பொறுப்பு எழுபதில் முடிந்துவிடுகிறது. அவர் காசு கொடுத்து வாங்கிய பொருளின் முக்கியப் பகுதி அதற்குப் பிறகுதான் பயன்பாட்டுக்கே வருகிறது. செங்கல்லுக்குப் பாதுகாப்பு உண்டு. சோற்றுக்கும் செவிலிக்கும் இல்லை.

மேற்சொன்ன 2019 நெறிமுறைகள் இந்த ஓட்டையைச் சரியாகக் கண்டுபிடித்தன. கட்டுநர், சேவை நிறுவனம், வீடு வாங்குபவர் என மூன்று தரப்பும் சேர்ந்து கையெழுத்திடும் முத்தரப்பு ஒப்பந்தம் வேண்டும் என்று அவை சொல்வது இத்துறையில் நான் படித்த மிகத் தெளிவான வரி. குறை என்னவென்றால் அவை வெறும் மாதிரிகள். மாநிலங்கள் எடுத்தாண்டால்தான் பல் முளைக்கும். மகாராஷ்டிர ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் அப்படி எடுத்துக்கொண்டு, முதியோருக்கென விற்கும் வீடுகளின் விற்பனை ஒப்பந்தத்திலேயே இவற்றைச் சேர்க்க வைத்தது. இங்கே வாங்குபவர் அந்த ஒப்பந்தத்தைத் தானாகக் கேட்டு வாங்க வேண்டும். நான் கேட்டேன். ஓர் இடத்தில், “சேவைக்குத் தனியா ஒரு லெட்டர் குடுப்போம் சார்” என்றார்கள். கடிதம் ஒப்பந்தம் ஆகாது. அதில் சமையல் நிறுவனத்தை மாற்ற யாருக்கு உரிமை, மாதக் கட்டணம் எந்த விகிதத்தில் ஏறும், குடியிருப்போர் சங்கம் கணக்கைப் பார்க்கலாமா என்ற மூன்றுக்கும் பதில் இல்லை.

கட்டண உயர்வை மட்டும் தனியே பேச வேண்டும், ஏனென்றால் கொங்குக்காரர்களுக்கு இது வேறு மாதிரி வலிக்கும். இந்தக் குடியிருப்புகளின் பணக் கணக்கு வங்கியிலும் நடுவண் அரசு அலுவலகத்திலும் இருந்து ஓய்வு பெற்றவர்களை மனதில் வைத்துப் போடப்பட்டது. அவர்களின் ஓய்வூதியத்தில் அகவிலைப்படியோ அதைப் போன்ற ஏற்றமோ உண்டு. தோட்டம் வைத்தவருக்கும், தறி ஓட்டியவருக்கும், பட்டறை நடத்தியவருக்கும் ஓய்வூதியம் ஏது? டெபாசிட் வட்டிதான். இன்று சாப்பாடும் பராமரிப்பும் சேர்த்து மாதம் 20,000 ரூபாய் என்று வையுங்கள். ஆண்டுக்கு எட்டு சதவீதம் ஏறினால் பத்தாண்டில் 43,000, இருபதாண்டில் 93,000. வட்டி அதே இடத்தில் நிற்கும். இதில் வரியும் சேரும். குடியிருப்போர் சங்கமே பராமரிப்பை நடத்தினால் மாதம் 7,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி கிடையாது. வருமான வரிச் சட்டப்படி பதிவு பெற்ற அறநிறுவனம் நடத்தும் முதியோர் இல்லத்தில் மாதம் 25,000 வரை விலக்கு உண்டு. தனியார் நிறுவனம் நடத்தினால் அந்தச் சலுகைகள் இல்லை. யார் நடத்துகிறார்கள் என்பது வெறும் நிர்வாகக் கேள்வி என்று நினைத்திருந்தேன். கையிலிருந்து போகும் காசையும் அதுதான் தீர்மானிக்கிறது.

சாப்பாட்டை ருசியால் அளப்பது தவறு, ஒழுங்கால் அளக்க வேண்டும். மூன்று இடத்திலும் மத்தியானம் சாப்பிட்டோம். விருந்தினர் வருவது தெரிந்து செய்த சமையல் எதற்கும் சான்றாகாது. மூன்றாவது இடத்தில் முன்பே பழக்கமான ஒரு அம்மா இருந்தார். தூக்குப்போசியில் வீட்டுக்கு வரும் இரவுச் சாப்பாட்டைப் பற்றிப் பெரியம்மா விசாரித்தார். “ரசம் ஆறித்தான் வருதுங்க. சொன்னா ரெண்டு நாளைக்குச் சூடா வரும், அப்பறம் பழையபடிதான்” என்றார் அந்த அம்மா. ‘ரெண்டு நாளைக்கு’ என்ற அந்தச் சொல்லில் ஒரு முழு மதிப்பீடு இருக்கிறது: புகாரைக் கேட்கிறார்கள், ஆனால் கேட்டதை நிலைநிறுத்தும் முறை இல்லை. இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பல இடங்களில் பொதுச் சமையல் சைவம் மட்டும். அந்த வழக்கத்தில் பிழை காண மாட்டேன்; கூடி வாழ ஏதோ ஒரு பொது விதி தேவைப்படுகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழி வறுவல் வாழ்நாள் பழக்கமாக உள்ள ஒருவரிடம் இதைக் கையெழுத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குள் சமைக்கலாமா கூடாதா என்பதும் தாளில் இருக்க வேண்டும்.

அன்னூர் பக்கத்தில் இடம் பார்ப்பவர்களுக்குத் தனியாக இரண்டு சோதனைகள் உண்டு.

ஒன்று தண்ணீர். இது மானாவாரிப் பூமி; ஆயிரம் அடிக்குக் கீழே போன ஆழ்குழாய்க் கிணறுகளின் ஊர். அத்திக்கடவு – அவிநாசித் திட்டம் அரை நூற்றாண்டுக்கு மேலான கோரிக்கை. 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டு, பவானித் தண்ணீரை 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவரும் ஏற்பாடு வந்துவிட்டது. நிலத்தடி நீருக்கு இது பெரிய ஆறுதல். என்றாலும் குளம் நிறைவதும் குழாயில் நல்ல தண்ணீர் வருவதும் ஒன்றல்ல. சித்திரை, வைகாசியில் மாதத்துக்கு எத்தனை டேங்கர் லாரி வாங்கினீர்கள், பில் இருக்கிறதா என்று கேட்டால் எந்த மேனேஜரும் தடுமாறாமல் பதில் சொல்லும் நிலையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று ஆஸ்பத்திரி. கோவையின் மருத்துவப் பெருமை உண்மைதான். ஆனால் கையேட்டில் ‘கோவையின் புகழ்பெற்ற மருத்துவமனைகளுக்கு அருகில்’ என்று போட்டால் எந்த நேரத்தில் என்று கேட்க வேண்டும். அன்னூரிலிருந்து கோவைக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். விடிகாலையில் அது ஒரு தூரம். சரவணம்பட்டியும் கணபதியும் நிரம்பி வழியும் மாலை ஆறு மணிக்கு அது வேறு தூரம். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து நாலரை மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். அதற்குள் ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். அந்த நேரம் அறிகுறி தொடங்கிய நொடியிலிருந்து ஓடுகிறது, ஆம்புலன்ஸ் ஏறியதிலிருந்து அல்ல. தனியாகத் தூங்குபவருக்கு அறிகுறி தொடங்கியதை யார் பார்ப்பார்கள்? காலை ஏழு மணிக்குக் காபிக்கு வராதவரின் கதவை ஏழேகாலுக்குத் தட்டும் வழக்கம் ஓர் இடத்தில் இருந்தது. மற்ற இரண்டு இடங்களிலும் உள்ள எல்லா வசதிகளையும்விட அந்தப் பதினைந்து நிமிடத்தை நான் உயர்வாக மதிக்கிறேன்.

பத்திரத்தைப் பற்றிச் சுருக்கமாக: டிடிசிபி அங்கீகாரம், ஒழுங்குமுறை ஆணையப் பதிவு எண், வில்லங்கச் சான்று என்று எல்லா வீட்டுக்கும் பார்ப்பதை இதற்கும் பார்க்க வேண்டும். இதற்கே உரிய கேள்வி வேறு. வெளிநாட்டுப் பிள்ளை பணம் கட்டும்போது வீடு அவர் பெயரில் பதிவாவது வழக்கம். அப்போது உள்ளே வாழும் தாய்க்கு அந்த வீட்டில் சட்டப்படி என்ன நிலை? வாழ்நாள் குடியிருப்பு உரிமையைப் பதிவு செய்யாவிட்டால் ஒன்றுமில்லை. மறுபக்கம், தாய்க்குப் பின் வீடு பிள்ளைக்கு வந்தாலும் வயது வரம்பு இருப்பதால் அவர் குடியேற முடியாது. பூட்டிய வீட்டுக்கும் மாதாமாதம் பராமரிப்பு கட்டுவார். விற்கப் போனால் வாங்க வருபவரும் முதியவராகத்தான் இருக்க வேண்டும். சொத்து என்று இதை விற்பது முழு உண்மையல்ல.

மூன்றாவது இடத்தில் எல்லாம் பேசி முடித்து எழும்போது பெரியம்மா மேனேஜரிடம் கேட்டார்: “இங்க கடைசியா யாருங்க தவறுனாங்க? எங்க வெச்சு? பக்கத்துல ஆரு இருந்தா?” இதற்குமுன் பார்த்த இரண்டு இடங்களிலும் இதே கேள்வியைக் கேட்டிருந்தார். ஒன்றில், “அதெல்லாம் ஏம்மா இப்ப” என்று சிரித்து மழுப்பினார்கள். இன்னொன்றில், உடம்புக்கு முடியாமல் போனால் பிள்ளைகளிடம் சொல்லி வேறிடம் மாற்றிவிடுவோம் என்றார்கள். நேர்மையான பதில், ஆனால் அந்த வீட்டை வாங்காதே என்றுதான் அதற்குப் பொருள். மூன்றாவது இடத்தில் மேனேஜர் ஒரு செவிலிப் பெண்ணைக் கூப்பிட்டார். அவர், “ஐப்பசில, பி பிளாக்குல ஒரு ஐயாங்க. தொண்ணூத்தொண்ணு. அவரு வீட்லயேதான். நானும் இன்னொரு பொண்ணும் இருந்தோம், மகன் மறுநாள்தான் வந்தாருங்க” என்றார். கதவைத் தட்டும் வழக்கமும் இங்கேதான். ஆறிய ரசமும் இங்கேதான்.

என் தீர்ப்பு இது. எழுபத்தைந்து வரை நடமாட்டத்தோடு இருப்பவருக்குக் கோவையின் முதியோர் குடியிருப்புகள் நல்ல வாழ்க்கையைத் தருகின்றன. அதில் எனக்கு ஐயமில்லை. படுக்கையில் விழுந்தபின் என்ன என்ற கேள்விக்குத் துறையாக இன்னும் பதில் சொல்லவில்லை. சில இடங்கள் தனித்தனியாகச் சொல்கின்றன. ஆகவே இன்றைய நிலையில் முதல் நாளே விலைக்கு வாங்குவதை என்னால் பரிந்துரைக்க முடியாது. வாடகைக்கோ, திரும்பக் கிடைக்கும் முன்பணத்துக்கோ ஆறு மாதம் இருந்து பார்க்க வேண்டும். அந்த ஆறு மாதத்தில் கோடை ஒன்று கட்டாயம் வர வேண்டும். முத்தரப்பு ஒப்பந்தமும், சமையல் நிறுவனத்தை மாற்றும் உரிமையுள்ள சங்கமும், வளாகத்துக்குள்ளேயே படுக்கை நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கும் இடத்தில் மட்டும் வாங்கலாம். இந்த மூன்றில் இரண்டு இருந்தால் வாடகையோடு நிற்கலாம்.

பெரியம்மா மூன்றாவது இடத்தில் ஒற்றைப் படுக்கையறை வீடு ஒன்றை ஆறு மாதத்துக்கு எடுத்திருக்கிறார். பங்குனி முதல் வாரம் குடிபோனார். குளியலறைக் கதவைக் கழற்றி வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்டித் தரச் சொன்னோம், மாட்டினார்கள். விலைக்கே முடித்துவிடலாமா என்று மகன் சிட்னியிலிருந்து வாரம் ஒருமுறை கேட்கிறான். போன ஞாயிறு நான் போயிருந்தபோதும் போன் வந்தது. “சித்திரை முடியட்டும் சாமி,” என்றார் பெரியம்மா, “தண்ணி எப்படி வருதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்.”