ஒரு தரம், ரெண்டு தரம்

போர்ட் கிள்ளான்காரர்களுக்கு ரீகோன் காடி புதிதல்ல. ஜப்பானில் சில வருடம் ஓடி, அங்கேயே ஏலத்தில் விலைபோய், கப்பலேறி இங்கே வந்து இறங்குபவை. (நாளிதழ்களில் 'மகிழுந்து' என்று எழுதுகிறார்கள். வீட்டில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. இந்தக் கட்டுரையில் காடி காடியாகவே இருக்கட்டும்.) ஏலத்தில் போன ஒவ்வொரு காடிக்கும் ஒரு தாள் உண்டு. நண்பன் ஒருவனுக்குப் பழைய டொயோட்டா ஏ.இ. 86 மேல் ஆசை. அவனுக்காகத் தேடப்போய்த்தான் அந்த ஏலத் தாள்களைப் படிக்கப் பழகினேன். படிக்கப் படிக்க, சமீபத்தில் நான் வாசித்த தமிழ் நூல் விமர்சனங்களில் பெரும்பாலானவற்றைவிட இவை நேர்மையாக எழுதப்பட்டிருக்கின்றன என்ற எண்ணம் வலுத்தது. அது சரியா என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

தாள் ஒரே பக்கம்தான். மூலையில் ஒரு மதிப்பெண். 5 என்றால் கிட்டத்தட்டப் புதுசு. 4.5, 4 நல்ல நிலை. 3 என்றால் யோசிக்கணும். விபத்தில் அடிபட்டு உடற்கட்டையே பழுதுபார்த்திருந்தால் எண் கிடையாது, 'ஆர்' என்ற ஓர் எழுத்து மட்டும். உள்பக்கத்துக்கு ஏ, பி, சி என்று தனி மதிப்பு. கீழே காடியைப் பிரித்து விரித்துப் போட்ட மாதிரி ஒரு கோட்டோவியம். அதில் பரிசோதகர் பேனாவால் குறிப்பார். 'ஏ1' சின்னக் கீறல், 'யு' நசுங்கல், 'எஸ்' துரு, 'டபிள்யூ' நசுங்கியதைத் தட்டிச் சரிசெய்த அலை, 'எக்ஸ்எக்ஸ்' மாற்றப்பட்ட பாகம். இதில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த டபிள்யூதான். வெயிலில் பக்கவாட்டில் நின்று பார்த்தால் மட்டும் தெரியும் அலை அது. குறையை மறைக்கச் செய்த வேலையையும் ஒரு குறையாகப் பதிவு செய்கிறது. ஒரு கவிதைத் தொகுப்பில் கவிஞர் பூசி மெழுகிய இடத்தை இப்படிக் காட்டிக்கொடுக்கிற விமர்சகர் நம்மிடம் எத்தனை பேர்?

இன்னொரு வகை எழுத்தும் இருக்கிறது. லண்டன், பாரிஸ், கலிபோர்னியா ஏல நிறுவனங்கள் சேகரிப்பாளர்களுக்காக அச்சிடும் விவரப் பட்டியல்கள். அங்கே தாளில்லை, கதை. யார் முதலில் வாங்கியது, எந்தப் பந்தயத்தில் ஓடியது, எந்த நடிகர் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார். 2015 பிப்ரவரியில் பாரிஸில் ஆர்ட்கூரியால் நிறுவனம் 59 காடிகளை ஏலம் விட்டது. பையோன் என்ற போக்குவரத்துத் தொழிலதிபர் சேர்த்துவைத்து, பிறகு குடும்பம் பல காலம் திறக்காமல் விட்ட கொட்டகைச் சரக்கு. ஒரு ஃபெராரி கலிபோர்னியா ஸ்பைடரின் மேல் பழைய பத்திரிகைகள் குவிந்து கிடந்தன. அந்தக் காடியோடு நடிகர் அலென் தெலோன் இருக்கும் படமும் இருந்தது. 1 கோடியே 60 லட்சம் யூரோவுக்கு மேல் போனது. கவனிக்க வேண்டியது, தூசியைத் துடைக்காமலேயே விற்றார்கள். தூசிக்கும் சேர்த்துத்தான் விலை. நம் ஊரில் ரப்பர் மரத்தடியில் இருபது வருடம் கிடந்து பாசி பிடித்த மோரிஸ் மைனருக்கு இரும்புக்கடைக்காரர் எடை போட்டுத்தான் காசு கொடுப்பார். அதற்குக் கதை எழுத ஆளில்லை.

'ஏலம்' என்ற சொல் போர்த்துகீசியர்களிடமிருந்து வந்தது என்பார்கள். மலாய் 'லெலோங்'கும் அதே வேர். கிள்ளானில் தவணை கட்டாததால் வங்கி இழுத்துக்கொண்டு போன காடியை விற்பது லெலோங். கோயில் திருவிழா முடிந்து எலுமிச்சம்பழம் விற்பது ஏலம். ஒரே சொல்தான், ஒன்றில் அவமானம், மற்றதில் அருள். விழுப்புரம் மாவட்டத்தில் திருவெண்ணெய்நல்லூர் பக்கத்து முருகன் கோயில் ஒன்றில், வேலில் குத்திய பழம் ஒவ்வொரு பங்குனி உத்திரத்துக்கும் ஆயிரக்கணக்கான ரூபாய்க்குப் போகிறது. சந்தையில் ஐந்து ரூபாய் பழம். அதன்மேல் ஏறியிருப்பது கதை. அந்தக் கதையை நம்புகிறவர்களைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. ஃபெராரி வாங்குகிறவரும் அதே வரிசையில்தான் நிற்கிறார் என்கிறேன், அவ்வளவுதான்.

ஏலக்காரர் 'ஒரு தரம், ரெண்டு தரம்' என்று கூவும்போது தரம் என்றால் தடவை. காடியின் தரம் என்றால் வேறு. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்துவிட்டது. ஏல அரங்கில் முதல் தரம் இரண்டாவது தரத்தை விழுங்கிவிடுவதைத்தான் அடிக்கடி பார்க்கிறோம்.

2019 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் மான்டரேயில் ஆர்.எம். சோதபீஸ் நிறுவனம் போர்ஷே டைப் 64-ஐ ஏலத்துக்குக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன் பிறந்த காடி. ஏலக்காரர் 13 மில்லியன் டாலர் என்று தொடங்கினார். திரையில் 30 என்று விழுந்தது. அவருடைய உச்சரிப்பில் இரண்டும் ஒன்றுபோல ஒலித்திருக்கிறது. 14 என்றார், திரை 40 என்றது. இப்படியே ஏறி 70 வரை போய்விட்டது. அரங்கம் எழுந்து கைதட்டியது, படம் எடுத்தது. பிறகு அவர் திருத்தினார். எழுபது இல்லை, பதினேழு. கூச்சல். காடி விலைபோகவே இல்லை. இரண்டு நிமிடத்துக்கு முன் வரலாற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதாக நம்பியவர்கள் அதே காடியை இப்போது மதிக்கவில்லை. காடியில் ஒரு ஆணிகூட மாறவில்லை.

என் வாதத்துக்கு எதிரான உதாரணத்தையும் சொல்லணும். 'புல்லிட்' (1968) படத்தில் ஸ்டீவ் மெக்குவீன் ஓட்டிய பச்சை மஸ்டாங். அதை 1974-இல் ஒரு குடும்பம் 6,000 டாலருக்கு வாங்கியது. அந்த வீட்டு அம்மா அதில்தான் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போனார். 1977-இல் மெக்குவீனே காடியைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் எழுதினார், அவர்கள் கொடுக்கவில்லை. பிறகு கிளட்ச் போய், கொட்டகையில் பல வருடம் கிடந்தது. 2020 ஜனவரியில் புளோரிடாவில் மீக்கம் ஏலத்தில் கட்டணம் சேர்த்து 37 லட்சம் டாலருக்கு மேல் போனது. அது புதுப்பிக்கப்படாத காடி. நசுங்கலும் துருவும் அப்படியே. ஜப்பானியப் பரிசோதகர் பார்த்திருந்தால் கோட்டோவியம் முழுக்க எழுத்தாக நிரம்பியிருக்கும், மதிப்பெண்ணே விழுந்திருக்காது. தாள் சொல்லும் உண்மை அத்தனையும் உண்மைதான். ஆனாலும் அந்தக் காடியைப் பற்றி அது முக்கியமான எதையும் சொல்லியிருக்காது. ஆக, தாள் மட்டும் போதாது.

நண்பனின் ஏ.இ. 86 கதையும் இதுதான். எண்பதுகளின் சாதாரண டொயோட்டா கொரோலா குடும்பக் காடி. 1995-இல் ஷிகேனோ ஷூயிச்சி வரைந்த 'இனிஷியல் டி' மாங்கா வந்தது. தோஃபு கொண்டுபோகும் பையன் மலைப்பாதையில் பெரிய காடிகளை முந்துகிறான். அந்தத் தொடர் 2013 வரை ஓடியது, காடியின் விலையும் கூடவே ஓடியது. என் தலைமுறை கிள்ளான் பையன்கள் பாதிப் பேருக்குக் காடி ஆசையை ஊட்டியது அந்தக் கதைதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்றைய சேகரிப்பாளர்கள் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் தொழிற்சாலையில் பொருந்தியபடியே இருக்கணும் என்று அடம்பிடிக்கிறார்கள். கதையிலோ நாயகனின் எஞ்சின் பாதியில் வெடித்துச் சிதறுகிறது, வேறு பந்தய எஞ்சினைப் பொருத்துகிறார்கள். நாயகனின் காடியே 'ஒரிஜினல்' இல்லை.

ஒரிஜினல் என்பதைப் பற்றி நம்மாட்களுக்கு வேறொரு கொள்கை இருக்கிறது. ஜப்பானிலிருந்து முன்பாதியை மட்டும் வெட்டி அனுப்புவார்கள், ஹாஃப்கட். காப்பார் சாலைப் பக்கம் போனால் தலை மட்டும் உள்ள காடிகள் வரிசையாக அடுக்கியிருப்பதைப் பார்க்கலாம். அந்த எஞ்சினைக் கழற்றி இங்குள்ள காடிக்கு மாட்டுவார்கள். புரோட்டோன் வீராவுக்குள் மிட்சுபிஷி ஈவோ 3-இன் எஞ்சினை இறக்குவது ஒரு காலத்தில் பெரிய கலை. இரண்டும் ஒரே வம்சம் என்பதால் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். சேகரிப்பாளர் மொழியில் இது கெட்டுப்போன காடி. எங்கள் போமன் மொழியில் இது உயிர் வந்த காடி. இந்த இடத்தில் நான் போமன் கட்சி.

ஏலப் பட்டியல்கள் மேல் எனக்குள்ள பெரிய புகார் வேறு. மகாராஜாக்களின் ரோல்ஸ் ராய்ஸ்கள் ஏலத்துக்கு வரும்போது பட்டியலில் சமஸ்தானம் இருக்கும், கூடு கட்டிய ஆங்கில நிறுவனம் இருக்கும், முகப்பு விளக்குகளின் எண்ணிக்கைகூட இருக்கும். ஓட்டியவர் பெயரை நான் தேடிப் பார்த்த எதிலும் கண்டதில்லை. என் தாத்தா தோட்டத்துத் துரையின் காடியை ஓட்டியவர். மழைநாளில் செம்மண் மேட்டில் அதை எப்படி ஏற்றணும் என்பது துரைக்குத் தெரியாது, தாத்தாவுக்குத் தெரியும். அந்தக் காடி இன்று எங்காவது ஏலத்துக்கு வந்தால் 'ஒரே உரிமையாளர், தோட்ட நிர்வாகி, மலாயா' என்று எழுதுவார்கள். பொய் என்று சொல்ல முடியாது. விடுபடல்தான். ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' 1966-இல் ஆனந்த விகடனில் வந்தபோது அவ்வளவு சர்ச்சையானதே, அதிலும் மழையில் வந்து நிற்கும் ஒரு கார்தான் எல்லாவற்றையும் தொடக்கி வைக்கிறது. அதை நாம் உரிமையாளர் இருக்கையிலிருந்து பார்ப்பதில்லை, நனைந்துகொண்டு நிற்கும் பெண்ணின் பக்கமிருந்து பார்க்கிறோம். ஏலப் பட்டியலுக்கும் இலக்கியத்துக்கும் உள்ள வித்தியாசம் என்று நான் நினைப்பது இதைத்தான். யார் பக்கத்திலிருந்து பார்ப்பது என்பதில் இருக்கிறது.

இப்போது நம் வீட்டுச் சங்கதி. மலேசியாவில் தமிழ் நூல் வெளியீட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும். தலைமை தாங்குபவர் முதல் நூலைப் பெறுவார். உறை கைமாறும். அடுத்து சிறப்பு நூல் பெறுபவர்கள் வரிசை. சில இடங்களில் தொகையை மைக்கிலேயே அறிவிப்பார்கள், கைதட்டல் தொகைக்கேற்ப உயரும். மான்டரே அரங்கம் எனக்கு அப்போதெல்லாம் ஞாபகம் வரும். ஆயிரம் வெள்ளி கொடுத்தவர் புத்தகத்தைப் பிரித்தாரா என்று யாரும் கேட்பதில்லை. அணிந்துரை என்பது நம் ஏலப் பட்டியல். 'அரிய படைப்பு', 'காலத்தை வென்று நிற்கும்', 'சமுதாயத்துக்குக் கிடைத்த கொடை'. துரு எங்கே, அலை எங்கே, ஒரு வார்த்தை இருக்காது. நியாயமாகச் சொன்னால், அந்த உறைகள் இல்லாவிட்டால் பல எழுத்தாளர்கள் அச்சகக் கடனை அடைத்திருக்கவே முடியாது. அதனால் உறையை நான் குறை சொல்லவில்லை. உறை கொடுத்த அன்றைக்கே மதிப்பீடும் முடிந்துவிட்டது என்று எல்லாரும் கலைந்துபோவதுதான் சங்கடம்.

இதற்கு எதிர்வினையாக எங்கள் வயதுக்காரர்கள் சிலர் வெறும் தாள் எழுதுகிறோம். சந்திப்பிழை ஏ1, தகவல் பிழை யு, பாத்திர அமைப்பு 3.5. நானும் எழுதியிருக்கிறேன். போன வருடம் ஒரு மூத்த எழுத்தாளரின் நாவலில் ஆண்டுக்குழப்பங்களை வரிசையாக எண்ணி எழுதினேன். எல்லாம் சரியான பிழைகள்தான். அந்த நாவலில் ஒரு கிழவி லயத்து வீட்டைக் காலி செய்யும்போது வாசல்படியை மட்டும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போவாள். அதைப் பற்றி நான் ஒரு வரி எழுதவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தாளும் பொய் சொல்லும் என்பது வேறு விஷயம். மைலேஜைக் குறைத்து, தாளையே மாற்றி விற்கிறவர்களிடம் என் சித்தப்பா ஒருமுறை மாட்டிக்கொண்டார். இன்னும் தவணை கட்டுகிறார்.

ஏ.இ. 86 கடைசியில் கைகூடவில்லை. இங்கே ரீகோனாக வருவதற்கு வயது வரம்பு ஒன்றிலிருந்து ஐந்து வருடம். அதற்கு மேல் பழசு என்றால் தனி அனுமதி, தனிச் செலவு. நண்பன் மனசைத் தேற்றிக்கொண்டு பழைய புரோட்டோன் சாகாவைத் தேட ஆரம்பித்தான். 1985 ஜூலையில் வெளிவந்த நம் நாட்டின் முதல் காடி. பக்கத்து ஷா ஆலாமில் செய்தது. பண்டமாரானில் ஓய்வுபெற்ற ஒருவரிடம் எண்பதுகளின் கடைசியில் வாங்கியது ஒன்று இருப்பதாகத் தெரிந்து, போமனையும் கூட்டிக்கொண்டு போனோம்.

"ஒரிஜினலாண்ணே?" என்று நண்பன் கேட்டான்.

"இல்ல தம்பி. எஞ்சின் மாத்திட்டேன். தாப்பாகிட்ட ஹெட்டு வெடிச்சிருச்சு, மகள யுனிவர்சிட்டியில விடப் போறப்ப."

போமன் கிராண்டை வாங்கி எஞ்சின் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தார். முறையாகவே மாற்றிப் பதிந்திருந்தது. பின்கதவில் டபிள்யூ இருந்தது, நானே கண்டுபிடித்தேன். வலது சக்கரத்துக்கு மேலே துரு. பெரியவர் உள்ளே போய் ஒரு 555 புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தார். முன்பெல்லாம் மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அந்தச் சின்னப் புத்தகம். அதில் தேதி, கடை, என்ன பழுது, எத்தனை வெள்ளி என்று முதல் எண்ணெய் மாற்றியதிலிருந்து எழுதி வைத்திருந்தார். பின்கதவு நசுங்கல் எப்படி வந்தது என்றும் இருந்தது: 'அம்மா ரிவர்ஸ், கேட்டு'. நான் வாசித்த ஏலத் தாள்களிலும் பட்டியல்களிலும் இதற்கு நிகராக ஒன்றைச் சொல்ல முடியாது.

நாலாயிரம் வெள்ளிக்கு முடிந்தது. கிளம்பும்போது நண்பன் அந்தப் புத்தகத்தையும் கேட்டான். காடிக்கு அதுதான் மதிப்பு என்று நான்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

"அது வேணாம் தம்பி," என்றார் பெரியவர். "அதுல வீட்டுக் கணக்கும் இருக்கு."