ஒளியும் பொருளும்: கிளாட் மோனேயின் ஓவியக் கலை

கிளாட் மோனே (1840–1926) என்னும் பிரெஞ்சு ஓவியரைப் பற்றி நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் குறை ஒன்று உண்டு. அவர் பொருள்களைத் தீட்டவில்லை, அவற்றின்மீது விழும் ஒளியை மட்டுமே தீட்டினார். ஆகவே அவர் கலை கண்ணுக்கு விருந்தேயன்றிக் கருத்துக்கு உணவன்று என்பதே அது. இக்கூற்று எவ்வளவு பொருந்தும் என்பதை அவருடைய படைப்புகளைக் கொண்டே ஆராய்வோம்.

லெ ஹாவ்ர் என்னும் துறைமுக நகரில் வளர்ந்த மோனே, இளமையில் கேலிச் சித்திரங்கள் வரைந்து விற்றவர். அவரைத் திறந்த வெளிக்கு அழைத்துச் சென்று, வானத்தையும் கடலையும் நேரிற் கண்டு தீட்டக் கற்பித்தவர் பூதேன் என்னும் மூத்த ஓவியர். அக்காலத்துக் கலைக்கழகம் போற்றிய முறையோ வேறு. வரலாற்றுக் காட்சிகளை அறைக்குள் அமர்ந்து மெருகுடன் முடிப்பதும், நிழலைப் பழுப்பிலும் கருமையிலும் அமைப்பதுமே உயர்ந்த கலை எனப்பட்டன. மோனே நிழலிலும் நிறம் கண்டார். உறைபனியின்மீது விழும் நிழலை நீலமாகத் தீட்டினார். 1874ஆம் ஆண்டு பாரிசில் அவருடைய ‘இம்பிரஷன்: சூரியோதயம்’ காட்சிக்கு வைக்கப்பட்டபோது, லூயி லெருவா என்ற இதழாளர் அத்தலைப்பைப் பற்றிக்கொண்டு அக்குழுவினரை நகையாடினார். அந்நகைப்பெயரே ‘இம்பிரஷனிஸ்டுகள்’ என நிலைத்துவிட்டது.

மேற்கூறிய குறைக்கு வலுவான சான்றாகத் தோன்றுவது ரூவான் பேராலய வரிசை. 1892, 1893 ஆகிய ஆண்டுகளில், ஆலயத்தின் மேற்கு முகப்புக்கு எதிரே அறைகள் அமர்த்திக்கொண்டு, பல படங்களை ஒருங்கே தொடங்கி, ஒளி மாறுந்தோறும் ஒன்றை விட்டு மற்றொன்றை எடுத்து மோனே உழைத்தார். முப்பதுக்கு மேற்பட்ட படங்கள் உருவாயின. அவற்றுள் இருபது 1895இல் பாரிசில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றில் பலிபீடமும் இல்லை, தொழுவோரும் இல்லை. முகப்பிலுள்ள தூயவர் சிலைகளும் நிறத்தில் கரைந்துவிட்டன. ஆலயம் வெறும் திரையாகிவிட்டதோ என்று ஆயர் ஒருவர் வினவினால், அவ்வினா நியாயமானதே.

எனினும் அப்படங்களை ஊன்றி நோக்குக. மோனே வண்ணத்தைச் சுண்ணச் சாந்துபோல் தடிப்பாக அப்பியிருக்கிறார். ஒளியில் கரைந்த கல், அத்தடிப்பில் தன் கனத்தை மீண்டும் பெறுகிறது. தனித்தனியே காணும்போது சில படங்கள் நலிந்தே தோன்றுகின்றன, அதை மறுப்பதற்கில்லை. ஓர்சே அருங்காட்சியகத்திலுள்ள ஐந்தையும் சேர்த்து நோக்கும்போதே, நிற்கும் கல்லும் நில்லாத ஒளியும் ஒன்றையொன்று விளக்குவது புலனாகும்.

இன்னும் கடினமான சான்று ஒன்று உண்டு. 1879இல் அவருடைய மனைவி கமீல் முப்பத்திரண்டாம் வயதில் இறந்தார். மரணப் படுக்கையில் அம்முகத்தை மோனே தீட்டினார். அன்புக்குரிய அம்முகத்தில் நீலமும் மஞ்சளும் சாம்பலும் படர்வதைத் தம் கண்கள் தாமாகவே கணக்கிட்டதை உணர்ந்து திடுக்கிட்டதாக, பிற்காலத்தில் நண்பர் கிளெமான்சோவிடம் அவர் கூறினார். இது கல்நெஞ்சமா? நாம் அவ்வாறு கருதவில்லை. மரிப்போர் அருகே நிற்கும் கடமை நமக்கும் உண்டு. அங்கே நம் நாவில் ஆயத்தமாயுள்ள சொற்களே, சில வேளைகளில், நம் முன்னுள்ள முகத்தை நாம் காணவொட்டாமல் மறைத்துவிடக்கூடும். மோனேயிடம் சொல் இல்லை. அகலாத பார்வை மட்டுமே இருந்தது. அன்பின் இறுதிப் பணிவிடை சில வேளை அதுவேயாகும்.

1912இல் அவர் கண்களில் புரை இருப்பது அறியப்பட்டது. 1923இல் வலக்கண்ணில் அறுவை நடந்தது. அத்தனை இடர்ப்பாட்டிலும், ஜிவெர்னியில் தாம் அமைத்த குளத்தின் அல்லிகளைப் பெரும்படங்களாகத் தீட்டினார். அவர் நாட்டுக்கு அளித்த அப்படங்கள், அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1927இல், பாரிசின் ஒராஞ்ஜெரியில் இரு நீள்வட்ட அறைகளில் திறந்துவைக்கப்பட்டன.

அவருடைய எல்லையையும் சொல்லவேண்டும். ஆண்டுகள் செல்லச்செல்ல மனித முகம் அவருடைய படங்களிலிருந்து மறைந்துபோயிற்று. அயலானின் துயரை அறிய விரும்புவோர் வேறு ஓவியர்களையே நாடவேண்டும். ஆயினும் பழைய குறைகூறலில் ‘மட்டும்’ என்னும் சொல் பொருந்தவில்லை. ஒளியை அவ்வளவு பொறுமையோடு பின்தொடர்ந்தவர், அது தங்கிச் செல்லும் கல்லையும் நீரையும், ஒருமுறையேனும் ஒரு முகத்தையும், பிறர் காணாத அளவுக்குக் கண்டார் என்பதே நம் முடிவு.