வேஷமும் விடியலும்

பங்குனித் திருவிழாச் சமயத்தில் நார்த்தாமலை மாரியம்மன் கோவிலுக்குப் போனவர்களுக்கு அங்கே கூடும் கூட்டத்தைப் பற்றி நான் விவரிக்க வேண்டியதில்லை. புதுக்கோட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களெல்லாம் காவடியும் பால்குடமுமாகக் கிளம்பி வந்துவிடும். அப்படிப்பட்ட ஒரு நாளில் நானும், ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரும், அவர் மனைவியும் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். எங்களுக்குப் பத்துப் பேர் முன்னால் ஒரு தொலைக்காட்சி நடிகை நின்றார். பெயர் வேண்டாம். மருமகளைப் படாத பாடு படுத்தும் மாமியாராக இரவுதோறும் நம் வீட்டுக்குள் வருகிறவர் என்றால் போதும். கையில் தேங்காய்ப் பழத் தட்டு, நெற்றியில் வியர்வை. பக்கத்தில் நின்ற பெண்கள் அவரைப் பார்ப்பதும் தங்களுக்குள் கிசுகிசுப்பதுமாக இருந்தார்கள்.

திடீரென்று ஒரு கிழவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் மணிக்கட்டைப் பற்றினாள்.

“ஏத்தா, சோறு திங்கிற புள்ள முன்னாடி இருந்து தட்டைப் பிடுங்குனியே, நீ நல்லா இருப்பியா?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நடிகையின் முகம் ஒரு கணம் வெளிறியது. பிறகு மெல்லச் சொன்னார்: “தப்புதான் பாட்டி. இனிமே பிடுங்க மாட்டேன்.”

சிரிப்பு இன்னும் பலத்தது. நானும் சிரித்தேன். “பார்த்தீர்களா, நம் ஜனங்களுக்கு வேஷம் எது, ஆள் எது என்று இன்னும் தெரியவில்லை!” என்றேன். நண்பர் ஆமோதித்தார். வெயில் தாங்காமல் நாங்கள் இருவரும் வரிசையை விட்டு விலகி, மேலமலையில் விஜயாலய சோழீச்சுவரத்தின் நிழலில் போய் உட்கார்ந்தோம். அவர் மனைவி மட்டும் அம்மனைப் பார்க்காமல் வரமாட்டேன் என்று அங்கேயே நின்றுவிட்டார்.

அந்தக் கற்கோவிலின் நிழலில் உட்கார்ந்து நண்பரிடம் நான் ஒரு பிரசங்கமே செய்தேன். அதன் சாரம் இதுதான்: இந்த மயக்கம் புதிதல்ல. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றி (1867–1922) நாடக உலகில் ஒரு கதை வழங்குகிறது. நளன் நாடகத்தில் சனீசுவர வேஷம் கட்டி இரவு முழுவதும் ஆடியவர், விடியுமுன் வேஷத்தைக் கலைக்க நீர்நிலைக்குப் போனாராம். துணி வெளுக்க வந்த ஒரு பெண் அந்தக் கோலத்தைக் கண்டு அதிர்ச்சியில் விழுந்து உயிர்விட்டாளாம். அதன் பிறகு சுவாமிகள் வேஷம் கட்டுவதையே விட்டுவிட்டு, நாடகம் எழுதுவதிலும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதிலும் இறங்கினார் என்பார்கள். கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையின் அன்புக்குரியவராகப் புதுக்கோட்டையில் தங்கியவர் அவர். அவர் நாடகங்கள் இந்த ஜில்லாத் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய நடக்கின்றன.

ஆனால் மேடை நாடகத்துக்கு விடியல் என்று ஒன்று உண்டு. இரவெல்லாம் ராஜபார்ட்டாக முழங்கியவர் காலையில் அரிதாரம் பாதி ஒட்டிய முகத்தோடு தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஊர் அவரைப் பார்த்துவிடும். கணக்குத் தீர்ந்துவிடும். தொலைக்காட்சித் தொடருக்கு அந்த விடியல் கிடையாது. வாரத்தில் ஐந்து நாள், ஆறு நாள் என்று வருஷக்கணக்கில் அதே முகம், அதே கண்ணீர், அதே கொடுமை. 1999-இல் தொடங்கி 2001 வரை ஓடிய ‘சித்தி’ தன் பெயரிலேயே உறவுமுறையைக் கொண்டு வந்தது. உறவென்று வந்தவரிடம் உரிமை கொண்டாடாமல் இருப்பார்களா? 1956-இலேயே டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்னும் இரு அமெரிக்கர்கள் இந்த ஒருதலை நெருக்கத்தைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார்கள். திரையில் இருப்பவரை நமக்குத் தெரியும். அவருக்கு நம்மைத் தெரியாது.

என் பிரசங்கத்துக்கு நண்பர் ஓர் உதாரணம் சேர்த்தார். 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை ஞாயிறு காலைகளில் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் ‘ராமாயணம்’ ஓடியபோது, ராமராக நடித்த அருண் கோவிலைக் கண்ட இடத்தில் ஜனங்கள் காலில் விழுந்தார்கள். படப்பிடிப்பு ஒன்றில் அவர் புகைபிடிப்பதைப் பார்த்த ஒருவர் கடிந்துகொண்டதாகவும், அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டதாகவும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். “ரசிகன் நடிகனைத் திருத்தியிருக்கிறான், பார்த்தீர்களா?” என்றார் நண்பர்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறுத்தியது. 1991 பொதுத் தேர்தலில் குஜராத்தின் வதோதராவிலிருந்து சீதையாக நடித்த தீபிகா மக்களவைக்குப் போனார். அதே தேர்தலில், அதே மாநிலத்தின் சபர்காண்டாவிலிருந்து ராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதியும் ஜெயித்துப் போனார். இருவரும் ஒரே கட்சி! சீதையைச் சிறையெடுத்தவர் அந்த ஆள்தான் என்று ஜனங்கள் நிஜமாகவே நம்பியிருந்தால், அவருக்கு ஓட்டுப் போட்டிருப்பார்களா? வேஷம் எது, ஆள் எது என்று ஜனங்களுக்குத் தெரியாது என்ற என் தீர்ப்பு அங்கேயே ஆட்டங்கண்டுவிட்டது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ‘எதிர்நீச்சல்’ தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து, வீட்டுப் பெண்களை அடக்கி ஆளும் ஆணவத்தைக் கண்முன் நிறுத்தினார். உருட்டி விழிக்காமல், “நான் சொல்வது நியாயம்தானே” என்ற தோரணையிலேயே அநியாயத்தைப் பேசினார். அதுதான் அவர் நடிப்பின் வெற்றி. ஏனென்றால் அப்படி ஒரு பெரிய மனிதரை நம்மில் பலர் நம் வீட்டுக் கூடத்திலேயே பார்த்திருக்கிறோம். வேஷத்துக்கு வெளியே அவர் சோதிடர்களோடு மேடையில் வாதாடிய பகுத்தறிவுவாதி. இரண்டு திரைப்படங்களை இயக்கியவர். 2023 செப்டம்பர் 8-ஆம் தேதி அவர் மாரடைப்பால் காலமானபோது, அந்தப் பாத்திரத்தைத் தினமும் வைத வீடுகள்தாம் அவருக்காகக் கலங்கின. வேறுபாடு தெரியாதவர்கள் அப்படிக் கலங்கியிருக்க முடியாது.

“ஆள் நேரில் அப்படி இல்லையே!” என்று நடிகரைச் சந்தித்து வந்தவர்கள் ஏமாற்றத்தோடு சொல்வதுண்டு. நடிகருக்கு அதைவிடப் பெரிய நற்சான்று கிடையாது. நேரிலும் அப்படியே இருப்பவர் நடிக்கவே இல்லை என்றுதான் அர்த்தம். சரி, தெரிந்தேதான் திட்டுகிறார்கள் என்றால், எதற்காகத் திட்டுகிறார்கள்?

இந்தக் கேள்விக்கு விடையை நண்பரின் மனைவி கொண்டுவந்தார். ஒரு மணி நேரம் கழித்துக் குங்குமமும் வேப்பிலையுமாக மலையேறி வந்தவர், மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: “நீங்க ரெண்டு பேரும் சிரிச்சிட்டு வந்துட்டீங்க. அந்தம்மா அப்புறம் என்ன சொன்னாங்க தெரியுமா?”

சிரிப்பு அடங்கிய பிறகு கிழவி நடிகையின் கையை விடாமலே சொன்னாளாம்: “நீ காசுக்கு நடிக்கிறேன்னு எனக்குத் தெரியாதாத்தா? எம் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுல இதையேதான் பண்ணுனாக. அந்த மாமியாகாரிய இந்தக் கேள்வி கேக்க எனக்கு வாயி வரலை. கேட்டா எம் மகளைத் திருப்பி அனுப்பிருவாக. அதான் உன்னையக் கேட்டேன். வச்சுக்கிறாத.”

நடிகை வரிசையை விட்டு வெளியே வந்து, கிழவியோடு ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாராம். மகளின் பெயரைக் கேட்டாராம். யாரோ படம் பிடிக்கக் கைப்பேசியை நீட்டியபோது, வேண்டாமென்று கையால் மறைத்தாராம். பத்து வருஷ நடிப்பில் நான் அவரிடம் பார்க்காத ஒன்றை அந்த மரத்தடியில் அந்த அம்மாள் பார்த்திருக்கிறார். நான் பாதியில் சிரித்துவிட்டு மலையேறியவன். பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் ஒரு கொடியவளைப் படைத்தால் வாசகர்கள் எனக்குக் கடிதம் எழுதுவார்கள். நான் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து படிப்பேன். தொடர் எழுதுகிறவருக்கு அந்தக் கடிதமும் வருவதில்லை. அவர் எழுதியதற்குத் திருவிழாக் கூட்டத்தில் மணிக்கட்டைக் கொடுத்து நிற்பவர் நடிகைதான். மருமகள் முன்னாலிருந்து தட்டைப் பிடுங்கும் காட்சியை எழுத வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அது வீடுகளில் நடக்கிறது, எழுதத்தான் வேண்டும். ஆனால் விளம்பர இடைவேளைக்கு முன் ஒரு திடுக்கிடலுக்காக மட்டும் அதை எழுதி, மூன்று முறை முகத்தைத் திருப்பிக் காட்டி, நாளைக்கு வேறொரு கொடுமைக்குத் தாவிவிடுகிறார்களே, அதைத்தான் குற்றம் என்கிறேன். அந்தக் கிழவி கேட்ட கேள்வியை அந்தத் தொடரில் இதுவரை எந்தப் பாத்திரமும் கேட்கவில்லை.

ஊர் திரும்பிய மறுவாரம் அந்தத் தொடரைப் பார்த்தேன். நடிகை தாம் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை. மறுபடியும் தட்டைப் பிடுங்கினார். என்ன செய்வார், பாவம். எழுதிக் கொடுத்தவர்கள் வேறு யாரோ. எனக்கு அந்த மருமகளின் முகம் கண்ணில் படவே இல்லை. தட்டைப் பிடித்திருந்த அந்த மணிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.