வலத்தேயும் இடத்தேயும்: நம் பக்கத்து வில்லுப்பாட்டு

மலருக்கு வில்லுப்பாட்டைப் பற்றி எழுதித் தரும்படி செயலாளர் கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை. சங்கத்து மூத்தவர்களில் பலர் எனக்கு முன்பே வீசுகோல் பிடித்தவர்கள். அவர்கள் அறியாத எதையும் நான் சொல்லப்போவதில்லை.

நம் பக்கத்தில் பாடும் வழிகள் பல. தோவாளை, அகஸ்தீஸ்வரம் வழி கோயில் கொடையோடு ஒட்டியது. சாமியாடிக்கு அருள் ஏறும் நேரம் பார்த்துப் பாட்டை முடுக்கத் தெரிந்தவரே அங்கே புலவர். 2018இல் மறைந்த பூங்கனியம்மா அந்த வழியில் நின்றவர். கலைவாணரும் சுப்பு ஆறுமுகமும் வளர்த்த மேடை வழி வேறு. அது காந்தி கதையைப் பாடிப் பட்டணங்களையும் பிடித்தது. 2021இல் சுப்பு ஆறுமுகத்துக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது நமக்கும் பெருமைதான்.

வெள்ளறடை, பாறசாலை ஊர்களின் வழியில் மலையாளம் கலந்திருக்கும். 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கதைகள் இருபுறமும் நடமாடின. இரவிக்குட்டிப் பிள்ளைப் போரையும் தம்பிமார் கதையையும் மலையாள அறிஞர்கள் 'தெக்கன் பாட்டுகள்' என்று சேர்த்துக்கொண்டார்கள்.

தம்பிமார் கதையை நினைத்தால் இன்றும் மெய் சிலிர்க்கிறது. நெய்யாற்றின்கரைக் கோயிலின் அம்மச்சிப் பிலாவில் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்டவர்மா ஒளிந்து பிழைத்ததைக் கொண்டாடுகிறவர்கள் நாம். அவரால் கொல்லப்பட்ட, முந்தைய அரசரின் மக்களான தம்பிமாருக்காகக் கண்ணீர் விட்டவர்களும் நாமே. அரசர் வம்சம் ஆண்ட மண்ணிலேயே அரசர் செய்த கொலை பாட்டாக நின்றது. அந்தத் துணிச்சலுக்கு இணையாக வேறெதையும் நான் கண்டதில்லை.

அப்படிப் பாட்டு நிற்கக் கண்டிப்பும் வேண்டும். என் ஆசான் வில்லைத் தொடுமுன் குடத்தின் வாயில் பத்தியால் தட்டிக் காது கொடுப்பார். ஒலி அடைத்தால் குடத்தை மாற்றும்வரை காப்புப் பாடமாட்டார். அதைவிடக் கண்டிப்பு, வலத்தே பாடும் தமக்கு ஈடாக இடத்தே பாடுகிறவர் விஷயத்தில். கதை முழுக்க மனப்பாடம் ஆகாதவருக்கு அந்த இடம் கிடையாது. வலத்தே ஓரடி விழுந்தால் அடுத்த அடி இடத்தேயிருந்து எழவேண்டும். ஆசானுக்குத் தொண்டை கட்டினாலும் கதை நிற்காது.

இன்று? யாரையும் குறித்துச் சொல்லவில்லை. நன்றாகப் பாடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனாலும் இடத்தே உட்காருகிறவர் 'ஆமா' போடவும் சிரிப்பு மூட்டவும் மட்டுமே என்று ஆகிவிட்டது. கீபோர்டும் சினிமா மெட்டும் வந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இடம்பாட்டுப் போனதைப் பொறுக்க முடியவில்லை. அது போனதால் கதை ஒரு மணி நேரமாகச் சுருங்கியது, ஏடு பார்க்கும் வழக்கம் போயிற்று, கொடைக்கு இருந்த மதிப்பும் குறைந்தது. இளையவர்கள் தமிழை மறப்பதற்கே இதுதான் காரணம் என்பேன். அரசரும் எல்லைக்கோடும் கெடுக்காததை நம் கையாலேயே கெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த ஆண்டு விழாவில், இருபுறமும் கதை தெரிந்த ஒரு குழுவுக்கு முழு இரவையும் கொடுக்கும்படி நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். தம்பிமார் கதை, காப்பு முதல் வாழி வரை. மைக் வேண்டாம்; குடம் கேட்கும் தூரத்தில் பாய் விரித்து உட்கார எங்களில் பலர் தயார்.