ஒரே போடு

பழைய யமஹா ஆர்எக்ஸ் 100-இன் கிளட்ச் கவரைக் கழற்றும்போதுதான் ஒரு மெக்கானிக்கின் கைப்பக்குவம் தெரியும். இரும்பு ஸ்க்ரூவைச் சுற்றி அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்து, ஸ்க்ரூ பல வருடமாக இறுகிக் கிடக்கும். அவசரக்காரர் ஸ்டார் (பிலிப்ஸ்) ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருகுவார். அது வழுக்கி மேலேறும், பள்ளம் மழுங்கிவிடும். ஜப்பானிய வண்டிகளில் இது சகஜம். பார்வைக்கு பிலிப்ஸ் போலிருந்தாலும் அவற்றில் வருவது ஜே.ஐ.எஸ். எனும் ஜப்பானியத் தரநிலை ஸ்க்ரூ, பிலிப்ஸ் முனை அதில் அடிவரை உட்காராது. பல ஸ்க்ரூக்களின் தலையில் இருக்கும் சின்னப் புள்ளிதான் அடையாளம்.

விவரம் தெரிந்தவர் இம்பாக்ட் டிரைவரை எடுப்பார். கழற்றும் பக்கம் முறுக்கிப் பிடித்துக்கொண்டு, பின்தலையில் சுத்தியலால் 'ணங்'கென்று ஒரே போடு. அந்த அடி முனையைப் பள்ளத்துக்குள் அழுத்துகிறது; உள்ளிருக்கும் சாய்வுத் தடம் அதே நொடியில் அதைத் திருப்பவும் செய்கிறது. அழுத்தமும் திருகலும் சேர்ந்தே வருவதால் வழுக்க வழியில்லை.

அதற்கும் மசியாவிட்டால், பெட்ரோல் டாங்கை இறக்கி வைத்துவிட்டு, சூடு. அலுமினியம் இரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். துளை தளர்ந்து பிடி விடும். தலையே போய்விட்டதா? ஓரத்தில் உளியைச் சாய்த்து வைத்து, கழலும் திசையில் தட்டுவார்.

நல்ல மெக்கானிக் அந்த ஸ்க்ரூவைத் திரும்பப் போடமாட்டார். புது ஆலன் போல்ட்டின் மரையில் லேசாக கிரீஸ் தடவி, அளவாக முடுக்குவார். அடுத்து கழற்றுகிறவர் திட்டக் கூடாதல்லவா!