விலைப்புள்ளியும் மைக்ரோமீட்டரும்

களம்பூரிலும் ஆரணியிலும் போளூரிலும் சேத்துப்பட்டிலும், திருவண்ணாமலை நகரைச் சுற்றியும் இயங்கிவரும் அரிசி ஆலைகளின் சொந்தக்காரர்கள், அறுவடைக் காலம் நெருங்குகையில் நெல்லின் ஈரத்தைப் பற்றியும் விலையைப் பற்றியும் எவ்வளவு நுட்பமாக விசாரிக்கிறார்களோ, அதில் பத்தில் ஒரு பங்கு நுட்பத்தோடுகூடத் தம் யந்திரங்களின் உறுப்புகளைக் கடைந்து தருகிறவரைப் பற்றி விசாரிப்பதில்லை. ஷாஃப்ட் ஒன்று தேய்ந்துபோனால், பேரிங் அமரும் கூடு ஒன்று விரிந்துபோனால், யந்திரம் செய்த கம்பெனியிடமிருந்து அசல் உறுப்பு வந்துசேர வாரங்கள் ஆகும். பழைய யந்திரமானால் வரவே வராது. ஆகவே செய்வித்துக்கொள்ள வேண்டியதுதான். எவரிடம் செய்விப்பது என்ற கேள்விக்கு இந்த ஜில்லாவில் நெடுங்காலமாக இரண்டே விடைகள் இருந்துவந்தன: ஒன்று, தெரிந்தவரிடம், மற்றொன்று, குறைந்த விலை சொன்னவரிடம். செய்யாறு சிப்காட்டில் காலணித் தொழிற்சாலைகளும் வாகன உறுப்புத் தொழிற்சாலைகளும் வந்த பிறகு மூன்றாவதாக ஒரு விடையும் சேர்ந்திருக்கிறது: சான்றிதழ் உள்ளவரிடம். இம்மூன்று வழக்கங்களிலும் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் மூன்றுமே ஒரே இடத்தில் வந்து இடறுகின்றன என்பது என் அபிப்பிராயம்.

தெரிந்தவரிடம் போகும் வழக்கத்தைப் பட்டணத்துப் பொறியாளர்கள் பரிகாசம் செய்வதுண்டு. அந்தப் பரிகாசத்தில் பாதிக்குமேல் அறியாமை. சம்பா அறுவடையின் நடுவில் ஆலை நின்றுபோய், களத்தில் நெல் குவிந்து கிடக்க, லாரிகள் வாசலில் காத்து நிற்கும் இரவில், சைக்கிளில் வந்து யந்திரத்தைத் திறந்து பார்த்து, பழைய ஷாஃப்டைத் தோளில் தூக்கிக்கொண்டு போய், விடிவதற்குள் புதியதைக் கடைந்து தானே வந்து பொருத்திக் கொடுக்கும் லேத் பட்டறைக்காரரின் சேவைக்கு ஈடாக, சுமார் 190 கிலோமீட்டர் தூரத்திலிருக்கும் சென்னையின் எந்தக் கம்பெனியும் எதையும் செய்துவிட முடியாது. அவருக்கு ஆலையின் சரித்திரம் தெரியும். எந்த யந்திரம் எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறது என்பது தெரியும். தவறு நேர்ந்தால் மறுநாள் அதே தெருவில் முகம் கொடுக்க வேண்டியவரும் அவரே. இவை அற்ப குணங்களல்ல.

இந்த வழக்கத்தின் குற்றம் வேறோரிடத்தில் இருக்கிறது. அது மனிதரைச் சேர்ந்ததன்று, முறையைச் சேர்ந்தது. தேய்ந்த உறுப்பைக் கையில் கொடுத்து, “இதே மாதிரி ஒன்று போடுங்கள்” என்று சொல்வதுதான் இங்கே ஆர்டர் கொடுக்கும் முறை. தேய்ந்ததைப் பார்த்துக் கடைந்தால் தேய்மானமும் சேர்ந்தல்லவா பிரதியாகிறது! நெல்லின் உமியை நீக்கும் ரப்பர் ஷெல்லரை எடுத்துக்கொள்வோம். இரண்டு ரப்பர் உருளைகள் ஒன்றையொன்று நோக்கி, வெவ்வேறு வேகத்தில் சுழல்வதனால் ஏற்படும் உராய்வில் உமி கழன்று விழுவதே அதன் தத்துவம். அந்த உருளையைத் தாங்கும் ஷாஃப்டில் பேரிங் அமரும் இடம் 50 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், சாதாரணமாக அதற்கு விதிக்கப்படும் கே6 என்னும் பொருத்தத்தின்படி அது 50.002-க்குக் குறையாமலும் 50.018-ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும். இடைவெளி 0.016 மில்லிமீட்டர், தலைமயிர் ஒன்றின் கனத்தில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. தேய்ந்த ஷாஃப்டில் அந்த இடம் 49.96 ஆக இறங்கியிருக்கும். அதை வெர்னியரில் அளந்து, சரி என்று 49.96-க்கே கடைந்து கொடுத்தால் பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்டோடு சேர்ந்து சுழலாமல் அதன்மேல் வழுக்கத் தொடங்குகிறது. அப்போது சென்டர் பஞ்சை எடுத்து, பேரிங் அமரும் இடத்தைச் சுற்றிலும் வரிசையாகக் குத்தி, மேடாக எழும்பும் புள்ளிகளின்மேல் பேரிங்கை அடித்து ஏற்றுவார்கள். ‘பஞ்ச் அடித்து டைட் பண்ணிவிட்டோம்’ என்ற திருப்தியோடு ஆலை ஓடும். அந்தப் புள்ளிகள் நசுங்குவதற்கு அதிக நாள் பிடிப்பதில்லை. பிறகு பேரிங் சுடுகிறது, உருளை ஆடுகிறது, அரிசி உடைகிறது. உடைந்த அரிசியின் நஷ்டத்தை நெல்லின்மேல் சுமத்திவிட்டு, மறுபடியும் அதே பட்டறைக்கு அதே ஷாஃப்ட் போகிறது.

அசல் அளவு எங்கேயும் எழுதப்படாமையே இதற்குக் காரணம். பேரிங்கின் எண்ணைப் பார்த்தால் அதன் உள்விட்டம் தெரியும், உள்விட்டம் தெரிந்தால் ஷாஃப்டின் அளவை அட்டவணையிலிருந்து எடுத்துவிடலாம் என்பதைச் சொல்லித்தரும் பேரிங் கம்பெனிப் புத்தகம், பெரும்பாலான பட்டறைகளில் இல்லாவிட்டாலும் பேரிங் விற்கும் கடையில் கேட்டால் கிடைக்கக்கூடியதுதான்.

குறைந்த விலைக்குக் கொடுக்கும் வழக்கத்துக்குச் சர்க்கார் முத்திரையே இருக்கிறது. 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், பொதுப் பணத்தில் வாங்கும் பொருளுக்குத் தகுதியுள்ளவர்களுள் குறைந்த விலை சொன்னவரையே ஏற்கவேண்டும் என்று பொதுவாக வகுத்தது. மாமன் மச்சான் உறவில் ஒப்பந்தங்கள் கைமாறிய காலத்துக்குப் பின் அப்படியொரு சட்டம் அவசியமாகவே இருந்தது. ஆனால் பொதுப்பணத்தைக் காக்க ஏற்பட்ட நியதி, தனியார் ஆலைக்காரரின் சுபாவமாகவும் ஆகிவிட்டபோது அதன் உயிரான நிபந்தனை உதிர்ந்துபோயிற்று: வாங்கும் பொருளின் இலக்கணம் முழுவதும் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தால் மட்டுமே விலையை விலையோடு ஒப்பிடுவதற்குப் பொருளுண்டு. “ஷாஃப்ட் ஒன்று, என்ன ஆகும்?” என்று மூன்று பட்டறைகளுக்குப் போன் செய்து கேட்பவர் பெறுகிற மூன்று விலைகளும் மூன்று வெவ்வேறு பொருள்களின் விலைகள். ஒருவர் ஈ.என்.8 எஃகை மனத்தில் வைத்துச் சொல்லியிருப்பார். இன்னொருவர் சாதா மைல்ட் ஸ்டீலை. கடைந்து மெருகேற்றி எண்ணெய் தடவி வைத்தபின் இரண்டும் கண்ணுக்கு ஒன்றே. சாணைச் சக்கரத்தில் வைத்துத் தீப்பொறி சிதறும் விதத்தைப் பார்த்துக் கார்பன் அதிகமா குறைவா என்று சொல்லும் பழைய பிட்டர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். வாங்குகிறவருக்கு அந்தக் கண் கிடையாது. விலை குறையும்போது அது குறைவது பெரும்பாலும் இப்படிப்பட்ட கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான்: எஃகின் தரத்தில், சூடேற்றிக் கடினமாக்கும் வேலையில், எல்லாவற்றுக்கும் மேலாகச் செய்ததை அளந்து பார்க்கும் நேரத்தில்.

குறைந்த விலையெல்லாம் கபடம் என்றும் சொல்லக்கூடாது. சி.என்.சி. யந்திரம் வைத்திருப்பவருக்கு ஒரு புதிய உறுப்பைச் செய்யத் தொடங்குவதில்தான் செலவு. புரோகிராம் எழுதி, ஜாஸ் மாற்றி, டூல்களை அமைத்து, முதல் உறுப்பை அளந்து திருத்தும்வரை யந்திரம் ஒன்றும் சம்பாதிப்பதில்லை. நூறு உறுப்புகள் கேட்டால் அச்செலவு நூறாகப் பிரிந்துவிடுகிறது. ஒன்றே ஒன்று கேட்டால் அது முழுவதும் அந்த ஒன்றின் தலையில் விழுகிறது. ஆகவே ஒற்றை ஷாஃப்டைத் தூக்கிக்கொண்டு அம்பத்தூருக்கோ ஓசூருக்கோ போகும் ஆலைக்காரர், அங்கே சொல்லும் விலையைக் கேட்டு மலைப்பதற்கும், பெரிய பட்டறையின் கடைசி வரிசையில் மாதக்கணக்கில் காத்துக் கிடப்பதற்கும் நியாயம் இருக்கிறது. 1964-இல் தோன்றிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வாகன ஆலைகளுக்கு ஆயிரக்கணக்கில் உறுப்பு செய்து வளர்ந்தது. ஒன்றிரண்டுக்காக அது ஏற்பட்டதல்ல. பட்டறையின் பருமனுக்கும் வேலையின் பருமனுக்கும் பொருத்தம் பார்ப்பதுதான் ஜாதகப் பொருத்தத்தைவிட இங்கே முக்கியம். வேறு வேலைக்காகப் போட்ட அமைப்பிலேயே நம் உறுப்பையும் செய்துவிடலாம் என்ற காரணத்தால் ஒருவர் விலையைக் குறைத்தால் அது நாணயமான மலிவு. காரணத்தைக் கேட்டால் அவர் சொல்லிவிடுவார். கபடமாகக் குறைத்தவரால் சொல்ல முடியாது.

இனி, சான்றிதழ். ஐ.எஸ்.ஓ. 9001 என்ற எண்ணைப் பட்டறை வாசலில் பெரிதாக எழுதிவைப்பது இப்போது சகஜமாகிவிட்டது. அந்தச் சான்று ஒரு ஸ்தாபனம் தன் வேலைகளை முறைப்படி எழுதிவைத்து நடத்துகிறது என்பதற்கே அத்தாட்சி. நாளைக்கு நம் வீட்டுக்கு வரப்போகும் உறுப்பு சரியாக இருக்கும் என்பதற்கு அத்தாட்சியல்ல. ஒழுங்குமுறை வீண் என்பது என் கட்சியன்று. 1998-இல் சென்னையின் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றபோதும், சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடிகள் அனுப்பிப் பாராட்டுப் பெற்றபோதும், தமிழ்நாட்டுக் கைகள் உலக அளவுக்கு ஒழுங்கைக் கைக்கொள்ள வல்லவை என்பது நிரூபணமாயிற்று. அந்த ஒழுங்கு சுவரில் இல்லை, தினசரி எழுதும் அளவுப் பதிவேட்டில் இருந்தது. ஆகவே சான்றிதழைப் பார்க்கிறவர்கள் அடுத்த அறைக்கும் போய், மைக்ரோமீட்டர் கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது, அந்தச் சரிபார்ப்பு என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற கூடத்தில் நடந்ததா என்று கேட்கவேண்டும். தள்ளுபடியான உறுப்புகளைப் போட்டுவைக்கும் பெட்டி எங்கே என்றும் கேட்கவேண்டும். “எங்களிடம் ரிஜெக்ஷனே கிடையாது” என்று ஒருவர் பெருமைப்பட்டால், அவர் அளப்பதில்லை என்று எடுத்துக்கொள்வதே க்ஷேமம்.

அளத்தல் என்று சொல்லிவிட்டேன். அதிலும் இந்த ஊருக்கென்று ஒரு சங்கடம் உண்டு. உலகெங்கும் நீள அளவுகள் 20 டிகிரி செல்சியஸில் அளக்கப்பட்டவையாகவே கொள்ளப்படும் என்ற உடன்பாடு 1931 முதல் இருந்துவருகிறது. திருவண்ணாமலையில் கத்திரி வெயில் 40 டிகிரியை எட்டும். 100 மில்லிமீட்டர் எஃகுத் துண்டு அந்த இருபது டிகிரி வித்தியாசத்தில் 0.023 மில்லிமீட்டர் நீள்கிறது. அலுமினியமானால் அதற்கு இரு மடங்கு. எஃகை எஃகு மைக்ரோமீட்டரால், இரண்டும் ஒரே சூட்டில் இருக்கையில் அளந்தால் பிழை ஏறக்குறைய ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். அலுமினியத்தை அளந்தால் போகாது. குளிரூட்டிய அறையில் அளந்து ‘சரி’ என்று சீட்டு எழுதி அனுப்பிய அலுமினிய உறுப்பை, வைகாசி மாதத்து மத்தியானம் ஆலையின் களத்தில் அளந்து ‘பெரியதாக இருக்கிறது’ என்று திருப்பியனுப்பி, இரு தரப்பும் ஒருவரையொருவர் பொய்யர் என்று நினைத்துப் பிரிவதும் நேரக்கூடியது. இருவரும் சத்தியமே பேசியிருப்பார்கள்.

இவ்வளவும் செய்கிறவரின் பக்கம். செய்விப்பவரின் குறைகளை எவரும் எழுதுவதில்லை. விளம்பரம் கொடுப்பவர் அவரல்லவா! டிராயிங் கொடுக்கப் பழகிய புதிய தலைமுறை ஆலைக்காரர்களிடம் நேர்மாறான வியாதி ஒன்று காணப்படுகிறது: எல்லா அளவுக்கும் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் நுட்பம் கேட்பது. கார்த்திகைத் தீப விழாவின் ஏழாம் நாள் அருணாசலேசுவரர் கோயிலின் தேர்கள் மாடவீதியில் ஓடுகின்றன. அவற்றின் சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே கண்ணுக்கே தெரியும் இடைவெளி இருந்தால்தான் ஓடும். திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் அமைத்துக் கொடுத்த திருச்சி பெல் நிறுவனம் மின்நிலையக் கொதிகலன்களைச் செய்யும் ஆலை. நுட்பம் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று பகுத்தறிந்ததே அந்த வேலையின் சாமர்த்தியம். ஷாஃப்டில் பேரிங் அமரும் இடத்துக்கு நுண்ணளவு வேண்டும். அதன் நுனிக்கு அரை மில்லிமீட்டர் கூடக்குறைய இருந்தால் குடி முழுகிவிடாது. எல்லா இடத்துக்கும் ஒரே கண்டிப்பைக் கேட்பவர் வீண் விலை கொடுக்கிறார். டிராயிங்கைப் பார்த்து, “ஐயா, இந்த இடத்துக்கு இவ்வளவு டைட் எதற்கு?” என்று கேட்கும் பட்டறைக்காரரை அதிகப்பிரசங்கி என்று நினைக்கவேண்டாம். என் மதிப்பில், தேர்ந்தெடுக்கத் தகுந்தவர் அவரே.

பணத்தைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம், எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்துத் தீரவேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி என்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு அப்படிக் கொடுக்காத பாக்கியை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாதபடி வருமானவரிச் சட்டமும் 2024 ஏப்ரல் முதல் மாறியிருக்கிறது. சட்டத்தைக் காட்டி வாடிக்கையாளரை மிரட்டும் லேத் பட்டறைக்காரர் எவரும் இல்லை. அவர் செய்வதெல்லாம் பணம் தராதவரின் வேலையை யந்திரத்துக்குக் கீழே தள்ளிவைப்பதுதான். இதன் மறுபக்கத்தைத் திருச்சியை அடுத்த துவாக்குடியில் பார்க்கலாம்: பெல் என்னும் ஒரே பெரிய ஆலையை நம்பி வளர்ந்த நூற்றுக்கணக்கான சிறு கூடங்கள், 2010-களில் அனல்மின் திட்டங்கள் குறைந்து ஆர்டர் வற்றியபோது செயலற்று நின்றன. ஆகவே, என் ஒருவனை நம்பியே பிழைக்கும் பட்டறை எனக்கு விசுவாசமாக இருக்கும் என்று கணக்குப் போடுகிறவர், அது ஒருநாள் மூடிக்கிடக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடவேண்டும்.

மூன்று வழக்கங்களும் ஒரே இடத்தில் இடறுகின்றன என்றேன். தெரிந்தவரை நம்புவதும், விலையை நம்புவதும், சான்றிதழை நம்புவதும், வந்த பொருளைத் தானே அளக்க முடியாதவன் செய்யும் மூன்று வகை நம்பிக்கைகள். அளக்கத் தெரிந்தால் உள்ளூர்ப் பட்டறைக்கே முதலில் இரண்டு உறுப்புகள் மட்டும் கொடுத்துப் பார்க்கலாம். அவற்றுள் ஒன்று தவறிப்போனால், “இது போதும், ஓடும்” என்கிறாரா, வாங்கி வைத்துக்கொண்டு எங்கே தவறியது என்று பார்க்கிறாரா என்பதில் அவர் எப்படிப்பட்டவர் என்பது வெளியாகிவிடும்.

ஆனால் ஒவ்வொரு அரிசி ஆலையும் அளவுக் கருவிகளும் குளிரூட்டிய அறையும் வாங்கிவைக்க இயலாது, வேண்டியதும் இல்லை. சிறு தொழில்கள் பல சேர்ந்து பொது வசதி மையம் அமைத்துக்கொள்ள மத்திய அரசின் தொழிற்குழும மேம்பாட்டுத் திட்டம் மானியம் தருகிறது. ஆரணி, களம்பூர் அரிசி ஆலைச் சங்கங்களும் நகரத்து லேத் பட்டறைக்காரர்களும் ஒன்றுகூடி, 20 டிகிரியில் வைத்த ஓர் அறை, நல்ல மைக்ரோமீட்டர்கள், கடினத்தன்மை சோதிக்கும் கருவி, அவற்றைக் கையாளத் தெரிந்த ஒரு ஐ.டி.ஐ. இளைஞர் என்ற அளவிலாவது விண்ணப்பம் ஒன்றை எழுதி மாவட்டத் தொழில் மையத்தில் கொடுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.